சாட்சிப் பூவரசு

அந்த இலைகள் அவ்வளவு பச்சையாக இருந்திருக்கக் கூடாது. வேலிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த உமையாளுக்கு முதலில் தோன்றியது அதுதான்.

கழிமுகத்தின் அக்கரையில் அனல்மின் ஆலையின் புகைபோக்கிகள் சாவகாசமாகப் புகைத்துக்கொண்டிருந்தன. இக்கரையில் ஓடைக்குப்பம். காலையில் கொடியில் போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலத்துக்குள் மங்கிப்போகிற ஊர். ஊர்க்கோடியில், கம்பி வேலிக்குள், அரசு நட்ட நாற்பது பூவரசங்கன்றுகள் நின்றன. போன தடவை அவள் இடுப்பளவு இருந்தவை இப்போது தலைக்கு மேல் போயிருந்தன. இலைகள் எண்ணெய் தடவியது போல் கரும்பச்சையாக இருந்தன.

முன்பு காற்றை அளக்கக் கருவிகள்தான் இருந்தன. ஆலைக்காரர்கள் கருவிகளின் வாயில் ஈரத்துணி கட்டினார்கள், வயரை மாற்றினார்கள், எண்களைத் திருத்தினார்கள். ஒரு கட்டத்தில் நீதிமன்றம் சலித்துப்போய், இனி எந்தக் கருவியையும் நம்புவதில்லை என்று சொல்லிவிட்டது. பதிலுக்கு வந்தவைதான் சாட்சிக் கன்றுகள். ஒரே தாய்மரத்தின் திசுவிலிருந்து ஆய்வகத்தில் எடுத்த நகல்கள். பாதியை ஆலை ஓரத்தில் நடுவார்கள், பாதியைச் சுத்தமான காற்றுள்ள மலையில் நடுவார்கள். இரண்டு இடத்திலும் ஒரே மண், ஒரே தண்ணீர். காற்று மட்டும் வேறு. ஆலை ஓரத்துக் கன்று மலைக் கன்றைவிட ரொம்பப் பின்தங்கினால் ஆலையை மூட வேண்டும். மரம் பொய் சொல்லாது என்று தீர்ப்பிலேயே எழுதியிருந்தார்கள்.

உமையாள் கன்றுகளின் தணிக்கையாளர். காரைக்குடிக்காரி, தாவரவியல் படித்தவள். அவள் கொடுத்த அறிக்கைகளால் ஏற்கெனவே இரண்டு ஊர்களில் ஆலைகள் மூடப்பட்டிருந்தன. யாரையும் சட்டென்று நம்பமாட்டாள் என்று அலுவலகத்தில் பெயர். அந்தப் பெயரை அவள் மறுத்ததும் இல்லை.

"மலையில இருக்கிறதே இவ்வளவு வளரலை," என்றாள், அடிமரத்தில் அளவுநாடாவைச் சுற்றியபடி.

பக்கத்தில் நின்ற காவலாளி தேசிங்கு தலையைச் சொறிந்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு காலத்தில் அதே ஆலையில் நிலக்கரி இறக்கும் கிரேன் ஓட்டியவன்.

"வளந்தாலும் கோவமா மேடம்?"

"கோபம் இல்லை. சந்தேகம். யாராவது உரம் வைக்கிறாங்களா?"

"யாரு வருவா? சாவி என்னாண்டதான் கீது."

"அதனாலதான் உங்ககிட்ட கேட்கிறேன்."

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். கட்டுவதற்குள் அவள் பார்த்துவிட்டாள். நகக்கண்களில் ஈரமண்.

மண்ணைக் கிளறி ஒரு பிடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். கன்றைச் சுற்றி மண் புதிதாகப் புரட்டப்பட்டிருந்தது. களை எடுத்தேன் என்றான். களை எடுக்கச் சொல்லி விதியில் இல்லையே என்றாள்.

அன்று மத்தியானமே ஆலையின் சுற்றுச்சூழல் மேலாளர் ஸ்ரீவத்சன் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் கீழே மெதுவாக இறக்கி வைப்பது போல் பேசுவார்.

"கன்னுங்களைப் பார்த்தீங்களா மேடம்? எங்களுக்கே பெருமையா இருக்கு."

"என்ன பண்ணீங்க?"

"உலையைப் புதுப்பிச்சோம். புகை வெளிய போறதுக்கு முன்னாடி அதுக்குள்ள அம்மோனியா தெளிக்கிறோம். நைட்ரஜன் ஆக்சைடு எல்லாம் அடங்கிடும். உலகம் பூராவும் பண்றதுதான். செலவு ஜாஸ்தி. ஆனா பாருங்க, மரமே சொல்லுதே."

மரமே சொல்லுதே என்று அவர் சொன்ன விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. தேசிங்குக்கு இந்தக் காவல் வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்டாள். ஆலைதான் சிபாரிசு செய்தது என்றார், கொஞ்சமும் தயங்காமல். "உடம்பு முடியலைன்னு கிரேன்ல இருந்து இறங்கினான். பாவம், சம்சாரத்துக்கும் சுகமில்லை. ஏதோ உதவி."

சாயங்காலம் மேலதிகாரி குணசீலனுக்குப் போன் போட்டாள். அவர் பெருமூச்சு விட்டார்.

"உமையா, மரம் வாடினா ரிப்போர்ட் எழுதுவ. இப்ப மரம் வளருது, அதுக்கும் எழுதுவியா?"

"உரம் வைக்கிறாங்க சார். காற்றோட கெடுதியை மண்ணுல ஈடுகட்டுறாங்க. புகை எவ்வளவு கெடுத்தாலும், வேருல தழைச்சத்தைக் கொட்டினா கன்னு கொஞ்ச காலத்துக்கு ஈடுகொடுக்கும். பெரிய மரம்னா உடம்புல இருக்கிறதை வச்சுச் சமாளிக்கும். கன்னு அப்படி இல்லை. இன்னைக்குக் கிடைக்கிறதுதான் அதுக்கு உயிர். யாரோ தினமும் ஊட்டுறாங்க."

"நிரூபி. அப்புறம் பேசலாம்."

எடுத்துவந்த மேல்மண்ணில் உரம் தென்படவில்லை, வேர் உறிஞ்சியிருக்கும் என்று நினைத்தாள். நிரூபிக்க வேறொரு வழி கண்டுபிடித்தாள். துறையின் விடுதி ஊருக்குள்ளேயே இருந்தது. மொட்டைமாடிக்குப் பூட்டு உண்டு, சாவி அவளிடம். ஆய்வகத்திலிருந்து ஆறு நகல் கன்றுகளை வரவழைத்தாள். ஆற்றுமணலை அமிலத்தில் அலசி, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, ஒரு சத்தும் இல்லாத வெறும் மணலாக்கித் தொட்டிகளில் நிரப்பினாள். மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் அளந்து கொடுத்தாள். தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, மட்டும் கொடுக்கவில்லை. அது இல்லாமல் கன்று வெளிறித்தான் போகும். வேலிக்குள் இருப்பவை கொழுத்து, மாடியில் இருப்பவை சோர்ந்தால், வேலிக்குள் ஒரு கை ஊட்டுகிறது என்று அர்த்தம். யார் கை என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. யார் சொல்லி என்பதுதான் தெரிய வேண்டும்.

சொட்டுநீருக்கு ஏற்பாடு செய்து, மாடியைப் பூட்டிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினாள். சில வாரங்கள் கழித்து, யாருக்கும் சொல்லாமல் வந்தாள். விடுதிக்குக்கூடப் போகவில்லை. வெயில் தாழும் நேரத்தில் வேலியை ஒட்டிய மீன்வலைக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டாள்.

தேசிங்கு சைக்கிளில் வந்தான். பின் கேரியரில் ஒரு சாக்குமூட்டை. கதவைத் திறந்து, இருபக்கமும் பார்த்து, மூட்டையை உள்ளே இழுத்தான். ஒரு கன்றின் அடியில் வட்டமாகக் குழி பறித்து, சாக்கிலிருந்து எதையோ அள்ளிக் கொட்டி, மண்ணைப் போட்டு மூடினான். அடுத்த கன்றுக்குப் போகும்போது உமையாள் அவன் பின்னால் நின்றிருந்தாள்.

அவன் திடுக்கிடக்கூட இல்லை. அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஓடிவந்தவன் போல் மூச்சு வாங்கினான்.

"யார் கொடுத்தது இது? ஸ்ரீவத்சனா?"

"யாரும் இல்ல மேடம்."

சாக்குக்குள் கையை விட்டாள். யூரியாவின் குறுகுறுப்பை எதிர்பார்த்த விரல்களில் மெத்தென்று ஏதோ பட்டது. வெளியே எடுத்துப் பார்த்தாள். மரத்தூள்.

சிறிது நேரம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சாக்கைக் கீழே விட்டாள்.

மரத்தூள் உரமல்ல. உரத்துக்கு நேர் எதிரி. பச்சை மரத்தூளை மண்ணில் புதைத்தால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையெல்லாம் தாங்களே உறிஞ்சிக்கொள்ளும். வேருக்கு ஒன்றும் மிஞ்சாது.

"நீங்க ஊட்டலை," என்றாள் மெதுவாக. "பட்டினி போடுறீங்க."

"மரக்கடையில தூளு கொட்டுற எடத்துல புல்லுகூட மொளைக்காது. பாத்துக்கீறேன். அதான் அள்ளினு வந்து போட்டேன்." அவன் கன்றுகளை வெறித்துப் பார்த்தான். "ஆரம்பத்துல இருந்தே போட்டுகினுதான் கீறேன். சாவ மாட்டேங்குது. நான் போடப் போட வளருது. எனக்கே பயமா பூடுச்சி."

"எதுக்கு?"

"வூட்டுக்கு வாங்க. அங்க வந்து கேளுங்க."

தேசிங்கின் வீடு இரண்டு தெரு தள்ளி. அவன் மனைவி பூங்கோதை கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் தூக்கமும் உட்கார்ந்தபடிதான். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. அவள் பேசத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, இருமி, மறுபடி தொடங்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

"இவுரு... கிறுக்குத்தனம் பண்றாருன்னு... தெரியும்மா. நான்தான்... வேணாங்கல."

"கன்னு செத்தா ஆலைய மூடிருவாங்கன்னு நீங்கதான மேடம் இங்க வந்து கூட்டம் போட்டு சொன்னீங்க?" என்றான் தேசிங்கு. "இந்தத் தெருவுல பாதி சனம் இப்டிதான் குந்தினு கீது. போன வருசத்துக்கு இப்ப ரொம்ப மோசம். புது மெசினு போட்டப்புறம் இன்னும் மோசம். ஆனா மரம் நல்லா கீதுன்னு பேப்பர்ல போடுறான். எங்க சொல்ல எவன் கேக்குறான்? மரத்த ஒழிச்சாதான் எங்க பேச்சு ஏறும்னு நெனச்சேன்."

உமையாளுக்குக் கோபம் வரவில்லை. ஆனால் சந்தேகமும் போகவில்லை. பட்டினி போட்ட கன்று எப்படிக் கொழுக்கும்? இவன் பொய் சொல்கிறானா? இவன் போன பின் வேறொருவன் வந்து உரம் வைக்கிறானா? விடுதிக்குப் போய், பையைக்கூட இறக்காமல் மாடியேறிப் பூட்டைத் திறந்தாள்.

ஆறு தொட்டிகளிலும் கன்றுகள் செழித்து நின்றன. வெறும் மணலில், வேலிக்குள் இருப்பவற்றைப் போலவே இலை அகன்று, அதே கரும்பச்சையில்.

பூட்டு அப்படியே இருந்தது. யாரும் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. கைப்பிடிச் சுவரில் விரலை வைத்து இழுத்தாள். வெண்மையாக ஒரு பூச்சு ஒட்டியது. நாக்கில் வைத்ததும் உப்பும் காரமுமாகச் சுள்ளென்றது. தலை நிமிர்ந்து ஊரைப் பார்த்தாள். இத்தனை நாளும் வேலியை மட்டுமே பார்த்திருந்தாள். ஓட்டு இடுக்குகளில், சாக்கடைச் சுவர்களில், இடிந்த மதில்களில், எங்கும் பச்சை புடைத்துக்கொண்டு நின்றது.

புகையில் தெளிக்கும் அம்மோனியா. தேவைக்கு மேல் தெளித்தால் மிச்சம் புகையோடு வெளியே வரும். காற்றிலேயே கந்தகப் புகையோடு கூடிப் பொடியாகும். இலை மேல் விழுந்தால் அது தழைச்சத்து. நெஞ்சுக்குள் போனால், உள்ளே போய்த் திரும்பி வராத நுண்தூசி. மரத்துக்குச் சோறு, மனிதனுக்கு நஞ்சு. கன்றுகளுக்கு உரம் வைப்பவன் வேலி தாண்டி வருவான் என்று அவள் காத்திருந்தாள். அவனோ புகைபோக்கியின் உச்சியிலிருந்து ஊருக்கே தூவிக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஸ்ரீவத்சனின் அறையில் அவள் அதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. ஜன்னல் திரையைச் சற்று இழுத்துவிட்டார்.

"அம்மோனியா கொஞ்சம் கூடுதலாப் போகுதுன்னு வச்சுக்குவோம். சட்டம் எங்களை எதால அளக்குது? மரத்தால. மரம் நல்லா இருக்கு. நாங்க எந்த விதியை மீறினோம்?"

"ஜனங்க மூச்சு விட முடியாம உட்கார்ந்திருக்காங்க."

"அதை அளக்கச் சொல்லி விதியில இல்லையே மேடம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "தேசிங்கு மரத்தூள் கொட்டுறது எங்களுக்கு முதல்லேயே தெரியும். கேமரா இருக்கு. புகார் கொடுத்தா அவனுக்கு ஜெயில், அந்தக் கன்னுங்களோட சாட்சியே செல்லாது. புதுசா நட்டு, முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அதுக்கு வருஷங்கள் ஆகும், அதுவரைக்கும் எங்களை யாரும் அளக்க முடியாது. நாங்க அதைப் பண்ணலை. நீங்க மாடித் தொட்டியை மறந்துடுங்க. ரெண்டு பக்கமும் நிம்மதி."

வெளியே வந்ததும் குணசீலனை அழைத்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "யோசிச்சுப் பாரு. மரம் பொய் சொல்லும்னு நீயே போய்ச் சொன்னா, இந்த ஒரு ஊரோட முடியாது. நீ மூடின ரெண்டு ஆலைக்காரனும் அடுத்த நாளே கோர்ட்டுக்கு வருவான். உன் மரத்தை எதுக்கு நம்பணும்பான்."

"தெரியும் சார்."

"அங்கல்லாம் ஜனங்க இப்பதான் மூச்சு விடுறாங்க."

"தெரியும் சார்," என்றாள் மறுபடி.

அவளால் முடிவெடுக்க முடியவில்லை. முடிவெடுத்தவன் தேசிங்கு. கேமரா விஷயத்தை அவனிடம் சொல்லி, ஊரை விட்டுப் போய்விடும்படி எச்சரிக்கத்தான் அவள் போனாள். அவன் கேட்டுக்கொண்டான். பிறகு எழுந்து சட்டையை மாட்டினான்.

"நான் பட்டினி போட்டும் மரம் வளந்துச்சுன்னா, அது நம்ம பக்கம் சாட்சிதான மேடம்? உங்க தொட்டி ஆறுதான் கீது. என்னுது நாப்பது."

"ஜெயிலுக்குப் போகணும் தேசிங்கு."

"போறேன். பூங்கோதைய மட்டும் அப்பப்ப வந்து பாத்துக்குங்க."

விசாரணையில் அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. கூண்டில் நின்று, எந்தக் கடையில் தூள் வாங்கினான், எப்படிக் குழி பறித்தான் என்று சொன்னான். உமையாள் தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்தாள். சுவரில் சுரண்டிய வெண்பொடியையும் வைத்தாள். ஆலையின் வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்படியானால் மரத்தின் வளர்ச்சி காற்றின் தூய்மையைக் காட்டாது, சரிதானே?" அவள் சரி என்றாள். வேறு பதில் இல்லை.

மரச் சாட்சி நம்பத்தக்கதல்ல என்று நீதிமன்றம் அறிவித்தது. நாடு முழுவதும் எல்லா வேலிகளும் கைவிடப்பட்டன. அவள் மூடவைத்த இரண்டு ஆலைகளும் இடைக்காலத் தடை வாங்கி மறுபடி புகைவிடத் தொடங்கின. அரசு நட்ட கன்றுகளைச் சேதப்படுத்த முயன்றதற்காகத் தேசிங்குக்கு ஓராண்டுச் சிறை. ஓடைக்குப்பத்து ஆலை தற்போதைக்கு ஓடலாம். புதிய அளவுகோல் வரும்வரை.

புதிய அளவுகோலை நீதிபதிகள் தாங்களே சொல்லியிருந்தார்கள். பாதிக்கப்படுவது மனிதர் என்றால் மனிதரையே அளக்கலாம். ஆலையை ஒட்டி நாற்பது குடும்பம், மலையில் நாற்பது குடும்பம். மாதம் ஒருமுறை மூச்சின் வலுவை அளப்பது. ஆலை ஓரத்து மூச்சு ரொம்பப் பின்தங்கினால் ஆலையை மூட வேண்டும். அளவுக்குழாயை வேறு யார் கையும் படாமல் வைத்து அளக்கும் பொறுப்பு, அனுபவம் கருதி, உமையாளுக்கே வந்தது. அவள் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போனாள். பிறகு பூங்கோதையின் பெயரும் அந்த நாற்பதில் இருப்பதைக் கேள்விப்பட்டு, எழுதவில்லை.

முதல் அளவு எடுத்தபோது பூங்கோதையால் குழாயில் ஊதவே முடியவில்லை. முள் அசையவில்லை. இப்படியே இருந்தால் சில மாதங்களில் ஆலையை மூடிவிடலாம் என்று உமையாள் மனதுக்குள் நினைத்தாள். நினைத்ததற்காக உடனே வெட்கப்பட்டாள்.

அடுத்த முறை முள் கொஞ்சம் நகர்ந்தது. அதற்கடுத்த முறை இன்னும் கொஞ்சம்.

மழைக்காலம் முடிந்து அவள் போனபோது கட்டிலில் யாரும் இல்லை. பூங்கோதை தெருக்குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். குடத்தை இறக்கிவிட்டு, "வாம்மா, குந்து," என்றாள். ஒரே மூச்சில் சொன்னாள். முகம் உருண்டையாகியிருந்தது. கன்னங்கள் பளபளவென்று உப்பிக் கிடந்தன. கழுத்துக்குக் கீழே கை கால்கள் மட்டும் முன்பைவிட ஒல்லியாகத் தெரிந்தன.

"அவரப் பாக்க ஜெயிலுக்கு நானே பஸ் ஏறிப் போய்ட்டு வந்தேம்மா. என்னைப் பாத்து அழுதுட்டாரு."

"ரொம்ப சந்தோஷம்," என்றாள் உமையாள். அது உண்மைதான். ஆனாலும் அவள் கண் பூங்கோதையின் முகத்தை விட்டு அகலவில்லை. அந்த உருண்டையை அவள் வேறெங்கோ பார்த்திருக்கிறாள். மாதக்கணக்காக ஸ்டீராய்டு மாத்திரை தின்ற நோயாளிகளுக்கு முகம் இப்படித்தான் திரளும். மூச்சு திறக்கும், பசி எடுக்கும், உடம்பு தெம்பாகத் தோன்றும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும்.

"டாக்டர்கிட்ட போறீங்களா?"

"டாக்டரு எதுக்கு? இப்ப நல்லாத்தான கீறேன்."

"மத்த வீடுகள்லயும் இப்படித்தான் தேறியிருக்காங்களா?"

"எல்லாரும்தான். நாப்பது வூடும்." பூங்கோதை சிரித்தாள். "மாசாமாசம் சத்துமாவு தராங்கல்ல. ஏதோ சங்கத்துலேர்ந்து. நல்ல மனுசங்க."

உமையாள் குழாயை நீட்டினாள். பூங்கோதை நிமிர்ந்து நின்று, நெஞ்சு நிறைய இழுத்து, ஊதினாள். முள் ஏறியது. வேலிக்குள் நின்ற பூவரசைப் போலவே, மலைக்காரர்களின் அளவைத் தொட்டு, அதையும் தாண்டி நின்றது.

"அந்தச் சத்துமாவு டப்பாவைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

பூங்கோதையின் சிரிப்பு நின்றது. ஒரு கணம் உமையாளையும் அவள் கையிலிருந்த குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நகர்ந்து, சமையலறை வாசலை அடைத்தாற்போல் நின்றுகொண்டாள். மூச்சு வாங்கவில்லை. தோள் ஏறி இறங்கவில்லை.

"தீந்துபூடுச்சிம்மா," என்றாள்.